இளைஞர் பரிமாற்றமும் நம் இல்லங்களும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

கற்றறிந்த பெரியோர் பலர் இவ்வவையில் வீற்றிருக்க, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளைக் கட்டியும் அவிழ்த்தும் காலங்கழிக்கும் எழுத்தரைப் பேச அழைத்தது சங்கத்தாரின் பெருந்தன்மை. அந்தப் பெருந்தன்மையை நம்பி, நமக்குத் தெரிந்த தொழிலிலிருந்தே தொடங்குகிறோம்.

இரயில்வேயில் பயணச்சீட்டு இருவகைப்படும். ஒன்று, போவதற்கு மட்டும் எடுப்பது. மற்றொன்று, போய்த் திரும்புவதற்கு எடுப்பது. தொலைதூரச் சிற்றூர்களிலும் மலைகளிலும் வாழும் இளைஞரை நகரத்துக்கு அழைத்து வருவதையும், நகரத்து இளைஞர் அவ்வூர்களுக்குச் சென்று தொண்டாற்றுவதையும் இளைஞர் பரிமாற்றம் என்கிறோம். பரிமாற்றம் என்றால் கொடுப்பதும் கொள்வதும் ஆகும். ஆனால் நாம் செய்துவருவது பெரும்பாலும் ஒருவழிச் சீட்டுப் பயணமே. அவர்கள் வருகிறார்கள்; நாம் காட்டுகிறோம்; அவர்கள் போகிறார்கள். இதைப் பற்றியே இன்று சில சொற்கள் கூற விரும்புகிறோம்.

இம்முயற்சி உலகில் எங்கே தொடங்கியது என்பதை முதலில் காண்போம். முதல் உலகப் போர் முடிந்த பின்னர், 1920ஆம் ஆண்டில், பியர் செரெசோல் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர், பிரான்சு நாட்டில் வெர்டன் போர்க்களத்தின் அருகே இடிந்துகிடந்த எஸ்ன் என்னும் சிற்றூருக்குப் பல நாட்டுத் தொண்டர்களை அழைத்துச் சென்றார். அவர்களுள் செருமானியரும் இருந்தனர். நேற்றுவரை பீரங்கி முழங்கிய நிலத்தில், பகை நாட்டார் மண்வெட்டியுடன் வந்து நின்றனர். அம்முயற்சி சில திங்களே நடந்தது. ஆயினும் அதிலிருந்து பிறந்த தொண்டர் இயக்கம் இன்றும் பல நாடுகளில் இயங்கி வருகிறது. 1934ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் பீகாரை நிலநடுக்கம் குலைத்தபோது, அதே செரெசோல் கடல் கடந்து இந்தியாவுக்கு வந்து, வீடிழந்த சிற்றூர் மக்களுக்கு வீடு கட்டும் பணியில் ஈடுபட்டார். சொற்பொழிவுக்கு முன் மண்வெட்டி என்பதே அவ்வியக்கத்தின் முறை.

நம் நாட்டிலும் இந்நெறியில் நடந்தோர் உண்டு. தொழுநோயாளர்க்கென ஆனந்தவனத்தை நிறுவிய பாபா ஆம்தே, 1985ஆம் ஆண்டு டிசம்பர் திங்களில், நம் கன்னியாகுமரியிலிருந்து காசுமீரம் நோக்கி நூற்றுக்கும் மேற்பட்ட இளைஞரை மிதிவண்டிகளில் அழைத்துச் சென்றார். முதுகுத்தண்டு நோயால் அப்பெரியவர் உட்காரவும் இயலாதவர். வண்டியில் படுத்தவாறே உடன் சென்றார். பின்னர், 1988இல் அருணாசலப் பிரதேசத்திலிருந்து மேற்கே குசராத்து நோக்கி இரண்டாவது பயணமும் நடைபெற்றது. எஸ். என். சுப்பாராவ் என்னும் காந்தியத் தொண்டர் 1993ஆம் ஆண்டில் இளைஞரை இரயிலிலேயே நாடு சுற்ற அழைத்துச் சென்றார். இரயில் நின்ற ஊர்களிலெல்லாம் இளைஞர் இறங்கி, மிதிவண்டியில் தெருத்தெருவாகச் சென்று ஒற்றுமையை வலியுறுத்தினர். அரசினரும் வாளாவிருக்கவில்லை. 1969ஆம் ஆண்டில் 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பெற்றது. 2006 முதல் நேரு யுவ கேந்திரத்தின் வழியாகப் பழங்குடி இளைஞரை நகரங்களுக்கு அழைத்துவரும் பரிமாற்றத் திட்டம் நடத்தப்பெற்றது.

நாம் வாழும் இம்மும்பை மாநகருக்கும் இவ்வரலாற்றில் ஓர் இடமுண்டு. 1966ஆம் ஆண்டில், வடகிழக்கு மலைநாட்டு மாணாக்கர் குழு ஒன்று இந்நகருக்கு வந்தது. அகில பாரதீய வித்யார்த்தி பரிசத்து என்னும் மாணவர் அமைப்பினர் வகுத்த திட்டம் அது. அவ்வமைப்பின் அரசியலில் உடன்பாடு உடையோரும் இல்லாதோரும் இவ்வவையில் இருப்பீர்கள். அது இன்றைய பேச்சுக்குப் பொருளன்று. அவர்கள் கையாண்ட முறை ஒன்றே நாம் கருதத்தக்கது. வந்த மாணாக்கரை விடுதியில் அடைக்காமல், குடும்பங்களில் ஒருவராகத் தங்கச் செய்தார்கள். விடுதியில் தங்கியவன் நகரத்தைக் காண்கிறான். வீட்டில் தங்கியவன் மனிதரைக் காண்கிறான். வள்ளுவப் பெருந்தகை விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தபோது, அதனை அரசியலில் வைக்கவில்லை, இல்லறவியலில் வைத்தார். விருந்து மண்டபத்துக்குரியதன்று, இல்லத்துக்குரியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இவற்றையெல்லாம் கூறிவிட்டு நம் குறையை மறைத்தல் முறையாகாது. சென்ற தீபாவளி விடுமுறையில், தொண்டர் குழு ஒன்றின் வழியாக, மோக்காடா மலைப்பகுதியைச் சேர்ந்த வார்லி இன இளைஞர் அறுவர் நம் குடியிருப்புக்கு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மோக்காடா நமக்கு வெகுதொலைவில் இல்லை. நாள்தோறும் நாம் ஏறும் உள்ளூர் இரயிலில் கசாரா வரை இரண்டரை மணி நேரம். அங்கிருந்து மலைப்பாதையில் கோடாலா வழியாகப் பேருந்து. 2014ஆம் ஆண்டுவரை அது தானே மாவட்டத்தில் இருந்தது. இப்போது பால்கர் மாவட்டத்தில் இருக்கிறது. திருநெல்வேலிக்கு ஒன்றரை நாள் பயணம் செய்யும் நாம், அரை நாளில் சென்று சேரத்தக்க அம்மலையை ஒருமுறையேனும் கண்டதுண்டா?

வந்த பிள்ளைகளை நாம் எப்படி நடத்தினோம்? முதல் நாள் பேருந்தில் ஏற்றி, இந்தியாவின் நுழைவாயில், கடற்கரை, அருங்காட்சியகம் என்று காலை முதல் இரவுவரை சுற்றிக் காட்டினோம். எங்கள் இல்லத்தில் தங்கிய பதினெட்டு வயதுப் பிள்ளை, அன்றிரவு உணவருந்தும்போது ஒரு சொல்லும் பேசவில்லை. நகரத்தின் பெருமையில் வாயடைத்துப் போனான் என்று நாங்கள் மகிழ்ந்தோம். பேதைமை அன்றோ!

மறுநாள் விடியற்காலையில் நடந்தது வேறு. எங்கள் வீட்டு அம்மையார் வழக்கம்போல் வாசலில் நீர் தெளித்து, அரிசிமாவால் கோலமிட்டார். அப்பிள்ளை எழுந்து வந்து படியில் உட்கார்ந்து, புள்ளி வைத்தது முதல் இழை முடிந்தது வரை கண்ணிமையாமல் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னர் மெல்லப் பேசத் தொடங்கினான். அவர்கள் வீட்டிலும் அரிசியைக் கரைத்துத்தான் வரைவார்களாம், தரையிலன்று, சுவரில். திருமணத்தின்போது சுமங்கலிப் பெண்டிர் கூடிச் 'சௌக்' என்னும் சதுரக் கோலத்தைச் சுவரில் எழுதினால்தான் மணவினை நிறைவுறுமாம். எங்கள் வீட்டு அம்மையாருக்குத் தெரிந்தது குழாயடியில் கற்ற மராத்தி. அவனுக்குத் தெரிந்தது மலையோர மராத்தி. ஆயினும் இருவரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். காப்பி ஆறிப்போனதை இருவரும் கவனிக்கவில்லை.

அவ்வினத்தாரின் சுவரோவியம் இன்று உலகப் புகழ் பெற்றது. தகாணு வட்டத்தைச் சேர்ந்த ஜீவ்யா சோமா மாசே என்னும் ஓவியர், மணவீட்டுச் சுவரில் இருந்த அக்கலையைத் தாளுக்கும் துணிக்கும் கொண்டுவந்து, 2011ஆம் ஆண்டில் பத்மசிரீ விருது பெற்றார். 2018இல் மறைந்த அப்பெரியாரின் கலையைப் பிறநாட்டு அருங்காட்சியகங்கள் போற்றுகின்றன. அரை நாள் தொலைவில் இருக்கும் நமக்கோ, ஒரு பிள்ளை வாசற்படியில் உட்கார்ந்து சொன்ன பிறகுதான் அதன் பொருள் தெரிந்தது. நகரத்தைக் காட்ட அழைத்து வந்த நாங்கள் அன்று காலை கற்றுக்கொள்ளும் நிலையில் இருந்தோம்.

இத்தோடு நின்றிருந்தால் நன்றாயிருந்திருக்கும். விடைபெறும் நாளுக்கு முந்திய மாலையில் அப்பிள்ளைகளை மேடையேற்றினோம். ஆடச் சொன்னோம். ஆடினார்கள். கைதட்டினோம், படம் எடுத்துக்கொண்டோம். பின்னர், வீடுவீடாகத் திரட்டிய பழந்துணிகளை ஆளுக்கு ஒரு பையாகக் கொடுத்தோம். வீடுவீடாகச் சென்று திரட்டியவர்களில் நாமும் ஒருவர் என்பதை ஒளிக்காமல் கூறுகிறோம். மறுநாள் அவர்களை இரயிலேற்றித் திரும்பியபோது, எங்கள் வீட்டுக் கட்டிலின் அடியில் அந்தப் பை இருந்தது. துணிகளெல்லாம் நேர்த்தியாக மடிக்கப்பட்டிருந்தன. மறந்து வைத்தது அன்று, விட்டுச் சென்றது.

எங்கள் வீட்டு அம்மையார் அந்தப் பையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஐந்து நாள் நம் வீட்டில் உண்டு உறங்கிய பிள்ளைக்குப் பழந்துணியா கொடுத்தனுப்புவது? உங்கள் தங்கை மகன் வந்திருந்தால் இப்படிச் செய்வீர்களா?" என்று கேட்டார். நமக்கு மறுமொழி இல்லை. இல்லாதவர்க்குக் கொடுப்பது அறம் என்பதில் ஐயமில்லை. ஆனால் விருந்தாய் அழைத்தவனை இரவலனாக்கி அனுப்புவது அறமாகுமா?

இப்பையை எண்ணும்போதெல்லாம் எங்கள் தந்தையார் நினைவும் உடன் வருகிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து 1968ஆம் ஆண்டில், பதினெட்டு வயதில், ஒருவழிச் சீட்டோடு இந்நகருக்கு வந்தவர் அவர். தாராவியில் உறவினர் ஒருவரின் கோலியில் பதினொருவரோடு முறைவைத்து உறங்கி, தோல் பதனிடும் இடத்தில் கூலி வேலை செய்தார். பின்னரே மாட்டுங்கா இரயில்வே தொழிற்சாலையில் கலாசியாகச் சேர்ந்தார். அவர் வந்த காலம் தென்னாட்டார்க்கு நல்ல காலமன்று. தென்னாட்டார் வேலைகளைப் பறித்துக்கொள்கிறார்கள் என்னும் கூச்சல் தெருவெங்கும் எழுந்த ஆண்டுகள் அவை. அக்காலத்தில் அவர் காய்ச்சலில் படுத்தபோது, அடுத்த கோலியில் இருந்த மராத்தி அம்மையார் ஒருவர், நாள்தோறும் கஞ்சி வைத்துக் கொடுத்து, எழுந்து உட்கார்ந்ததும் பத்து மராத்திச் சொற்களையும் கற்பித்தாராம். அந்த மாவ்சியைப் பற்றிப் பேசும்போதெல்லாம், "கஞ்சியை மறந்தாலும் மறப்பேன், கிண்ணத்தைக் கீழே வைக்காமல் கையில் கொடுத்தாளே, அதை மறக்கமாட்டேன்" என்பார் தந்தையார். தெருவில் எழுந்த கூச்சலை மீறி இந்நகரில் நிலைத்து நிற்கும் துணிவை அவருக்குத் தந்தது ஒரு வீட்டின் அடுப்பங்கரை. கையில் கொடுப்பதன் மேன்மையை அறிந்த தந்தையின் வீட்டில்தான் அந்தப் பை கட்டிலடியில் கிடந்தது.

நாம் செய்த பிழைக்கு ஒரு கழுவாய் தேடினோம். அத்தொண்டர் குழுவினரை மீண்டும் அணுகி, இம்முறை நம் பிள்ளைகள் அங்கு வரலாமா என்று கேட்டோம். வரலாம், ஆனால் ஊரார் சொல்லும் வேலையைச் செய்யவேண்டும் என்றார்கள். டிசம்பர் திங்களில் நம் குடியிருப்பைச் சேர்ந்த பன்னிருவர் சென்றனர். எங்கள் மகளும் அவர்களுள் ஒருத்தி. பாம்பு உண்டு, இருட்டு உண்டு, கைப்பேசி எட்டாது என்று நாங்கள் அஞ்சினோம். ஆனால் அந்த மலைத்தாய் தன் மகனை முன்பின் அறியாத எங்களிடம் அனுப்பியபோது அவளுக்கு இந்த அச்சம் இல்லாமலா இருந்திருக்கும்? அவள் செய்ததை நாங்கள் செய்ய மறுத்தால் அது பரிமாற்றமாகாது. அனுப்பினோம்.

அங்கே செய்த வேலை இது: மழை ஓய்ந்தபின் மெலிந்து ஓடும் ஓடையின் குறுக்கே, மணல் நிரப்பிய சாக்குகளை அடுக்கித் தற்காலிகத் தடுப்பணை கட்டுதல். வனராய் பந்தாரா என்று அவ்வூரார் அதனை வழங்குகின்றனர். நான்கு மாதம் வானம் பொத்துக்கொண்டு பெய்யும் அம்மலையில், கோடையில் குடிக்க நீரின்றிப் பெண்கள் குடத்தோடு நடக்கின்றனர். பெய்த நீரெல்லாம் பாறைமேல் வழிந்து கீழே போய்விடுகிறது.

கீழே எங்கே போகிறது? தாய்மார்களே, இதனைச் சற்றுக் கருதுங்கள். விகார், துளசி, தான்சா, மோதக் சாகர், பாத்சா, மேல் வைதர்ணா, நடு வைதர்ணா என்னும் ஏழு ஏரிகளின் நீரே மும்பையின் தாகத்தைத் தீர்க்கிறது. வைதர்ணை ஆறு இந்த மலைநாட்டினூடே வருவது. 2014ஆம் ஆண்டில் மாநகருக்கு அளிக்கப்பட்ட நடு வைதர்ணா அணை, மோக்காடா வட்டத்திலேயே இருக்கிறது. நம் குழாயில் வரும் நீர், நாம் பழந்துணி கொடுத்தனுப்பிய பிள்ளைகளின் மலையிலிருந்து வருகிறது. யார் யாருக்குக் கொடுத்து வந்திருக்கிறோம் என்பதை இனிமேலாவது நாம் சரியாகக் கணக்கெழுதவேண்டும்.

மகள் புறப்பட்டபோது, எங்கள் வீட்டு அம்மையார் அப்பிள்ளையின் தாய்க்கென ஒரு புதுச் சேலையும், ஒரு டப்பா முறுக்கும் கொடுத்தனுப்பினார். உறவினர் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது போலவே. ஐந்து நாள் கழித்து மகள் திரும்பினாள். உள்ளங்கைகளில் கொப்புளம், பையில் ஒரு துணி முடிச்சு. அந்தத் தாய் கொடுத்தனுப்பிய கேழ்வரகு இரண்டு படி இருந்தது. எங்கள் தந்தைவழிப் பாட்டி உண்டு வாழ்ந்த அதே கேழ்வரகு. அன்றிரவு களி கிண்டினோம். முடிச்சுத் துணியை அம்மையார் துவைத்து எடுத்து வைத்திருக்கிறார், அடுத்த முறை அதில் எதையேனும் கட்டி அனுப்புவதற்கு.

இந்த அனுபவத்திலிருந்து சங்கத்தின்முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, வருகின்ற இளைஞர் மண்டபத்தில் அன்று, வீடுகளில் தங்கவேண்டும். இரண்டு அறை வீடாயினும் போதும். இடமில்லை என்று எண்ணவேண்டா. பதினொருவர் முறைவைத்து உறங்கிய கோலியிலிருந்து வந்தவர்கள் நாம்.

இரண்டாவது, அவர்களை மேடைக் காட்சிப் பொருளாக்குதல் கூடாது. அவர்கள் விரும்பி ஆடினால் நாமும் உடன் ஆடவேண்டும். அவர்கள் ஆட நாம் பார்த்தல் போதாது. கொடுப்பதாயின் புதியதைக் கொடுப்போம். அல்லது ஒன்றும் கொடாது உணவிட்டு அனுப்புவோம்.

மூன்றாவது, அவர்கள் வந்த அதே ஆண்டில் நம் பிள்ளைகளும் செல்லவேண்டும். அங்கே என்ன வேலை செய்வது என்பதை ஊரார் தீர்மானிக்கவேண்டும். ஐந்து நாள் தொண்டர்கள் அரைகுறையாய் விட்டுவரும் வேலை ஊரார்க்குச் சுமையாகும். அவர்கள் கூலி பெறத்தக்க வேலையை நாம் இலவசமாய்ச் செய்து அவர்தம் கூலியைக் கெடுப்பதும் தகாது. ஆதலால் சிறிய வேலையாயினும் முடிக்கத்தக்க வேலையை, அவர்களோடு சேர்ந்து செய்யவேண்டும்.

நான்காவது, செல்லுமுன் நம் பிள்ளைகள் அவர்தம் பேச்சில் பத்துச் சொற்களேனும் கற்கவேண்டும். தண்ணீர், சோறு, வணக்கம், நன்றி, தாயே, போதும் ஆகியவை அவற்றுள் இருக்கட்டும். "போதும்" என்னும் சொல்லைக் கட்டாயம் கற்கவேண்டும். ஏனெனில் அவ்வீட்டார் தமக்கு இல்லாவிடினும் இலையில் இட்டுக்கொண்டே இருப்பார்கள் என்கிறாள் எங்கள் மகள்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. கசாரா வரை உள்ளூர் இரயில், பின்னர்ப் பேருந்து, அங்கே அவர்கள் உண்ணும் உணவு. விழாவில் நாம் ஒரு வேளை மேடை அலங்காரத்துக்குச் செலவிடுவதைக் குறைத்தால் போதும். அச்சம் ஒன்றே தடை. பெண்பிள்ளைகளை அனுப்ப அஞ்சும் தாய்மார்க்கு ஒன்று கூறுவோம்: முதல் முறை நீங்களும் உடன் செல்லுங்கள். எங்கள் வீட்டு அம்மையார் அடுத்த ஆண்டு செல்வதாக இருக்கிறார். அந்த ஊரில் ஒரு மணவீட்டுச் சுவரில் சௌக் எழுதுவதைக் காணவேண்டுமாம். தம் வாசற்கோலம் ஒன்றை அங்கே இட்டுவிட்டு வரவேண்டுமாம்.

அன்பர்களே! அயலூரிலிருந்து வந்தவர்க்குப் பாய் விரித்தவர்கள் இருந்ததனால்தான் இந்நகரில் நாம் இன்று குடும்பமும் குடியிருப்பும் சங்கமுமாய் வாழ்கிறோம். அந்தக் கடனை நமக்குக் கொடுத்தவரிடமே திருப்பிச் செலுத்த இயலாது. மாவ்சி இன்றில்லை, தந்தையாரும் இன்றில்லை. ஆனால் இன்று நம் வாசலில் வந்து நிற்கும் பிள்ளையிடம் செலுத்தலாம். கிண்ணத்தைக் கையில் கொடுப்போம். பின்னர் நாமும் சென்று, அவர்கள் கையால் வாங்கி உண்போம். போகவர எடுத்த சீட்டில் திரும்பும் பகுதியைப் பயன்படுத்தாமல் விட்டால் நட்டம் யாருக்கு என்பதை இரயில்வே எழுத்தர் சொல்லித்தான் நீங்கள் அறியவேண்டும் என்பதில்லை.